இரண்டாவது இல்லம் அவர்களுக்கு, சிவப்புக் கார்டு நம்மவர்களுக்கு!



முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். பத்து லட்சம் அமெரிக்க டாலரை இந்நாட்டு வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, இருபது லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத ஒரு வீட்டையும் வாங்கும் வெளிநாட்டவருக்கு இருபது ஆண்டு விசா. ஐந்து லட்சம் டாலர் என்றால் பதினைந்து ஆண்டு. ஒன்றரை லட்சம் டாலர்தான் இருக்கிறதா? பரவாயில்லை, ஐந்து ஆண்டு. 2024 ஜூனில் அறிவிக்கப்பட்ட 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டத்தின் புதிய விதிகள் இவை. 2002இல் தொடங்கிய இத்திட்டத்துக்கு எத்தனையோ முறை சட்டையை மாற்றிவிட்டார்கள். 2021இல் மாதம் 40,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானம் வேண்டும் என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். 2022 அக்டோபரில் அதற்கும் மேலே இன்னொரு கதவைத் திறந்தார்கள். பிரிமியம் விசா என்று பெயர். பத்து லட்சம் ரிங்கிட் வைப்பு, இரண்டு லட்சம் ரிங்கிட் பங்கேற்புக் கட்டணம், மாதம் 40,000 ரிங்கிட் வருமானம். இவை இருந்தால் இருபது ஆண்டு இங்கே வாழலாம், வேலை செய்யலாம், வியாபாரம் செய்யலாம், வீடு வாங்கலாம். இது போதாதென்று குடிநுழைவு இலாகாவின் நிரந்தரவாசப் பட்டியலில் முதலீட்டாளர் என்று ஒரு பிரிவும் உண்டு. இருபது லட்சம் அமெரிக்க டாலரை ஐந்தாண்டு வைப்பில் போட்டவர் விண்ணப்பிக்கலாம். கிடைத்துவிட்டால் அவர் கையில் கொடுக்கப்படுவது சிவப்பு அடையாளக் கார்டு.

அந்தச் சிவப்பு நிறத்தை மறந்துவிடாதீர்கள்.

விசா வாங்க வரும் இவர்களில் யாருக்காவது மலாய்மொழித் தேர்வு உண்டா? இல்லை. ருக்குன் நெகாராவை ஒப்பிக்கச் சொல்கிறார்களா? இல்லை. உன் அப்பா யார், உன் அம்மாவின் கல்யாணம் எங்கே பதிவானது, உன்னைப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கிறார்களா? கேட்பதில்லை. வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்கள், கடப்பிதழைப் பார்க்கிறார்கள், காவல்துறை நற்சான்றைப் பார்க்கிறார்கள், முத்திரை குத்துகிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்து வாழ விரும்பும் ஜப்பானியர் மேலோ கொரியர் மேலோ சீனத்து வியாபாரி மேலோ நமக்கு எந்தக் காய்ச்சலும் கிடையாது. நம் தாத்தாமார் வெட்டிய மரத்தை இன்று வெட்டிக்கொண்டிருக்கும் வங்காளதேசத்துத் தம்பி மேலும், செம்பனைக் குலை அறுக்கும் இந்தோனேசியத் தோழர் மேலும் நமக்குக் கோபம் இல்லை. அவர்கள் கதை நம் பாட்டன் கதைதான். எங்கள் கேள்வி புத்ராஜெயாவுக்கு. வெளியிலிருந்து வருபவனுக்கு இத்தனை விதமாய்க் கதவு செய்யத் தெரிந்த அரசாங்கத்துக்கு, உள்ளேயே பிறந்து உள்ளேயே கிழடான மனிதனுக்கு ஒரு நீலக் கார்டு கொடுக்க ஏன் கை வரவில்லை?

சிரம்பானிலிருந்து தெற்கே போகும் கொமுட்டர் இரயிலில் செனவாங்கை அடுத்த நிறுத்தம் சுங்கை காடுட். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள்தாம் பிழைப்பு. இன்று துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டை இருக்கிறது. தென்கொரியாவின் சாம்சுங் எஸ்டிஐ மின்கலத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே பொறியாளராக வரும் வெளிநாட்டவருக்கு வேலைப் பாஸ் இருக்கிறது, குடும்பத்துக்குச் சார்ந்தோர் பாஸ் இருக்கிறது. சம்பளமும் தகுதியும் கூடக்கூட, 2011இல் தொடங்கிய பத்தாண்டு திறனாளர் வசிப்பு பாஸ்வரை ஏறிப்போக ஏணி இருக்கிறது. அதே சுங்கை காடுட்டில் தாமான் வீடுகளுக்குப் பின்னால், மிச்சமிருக்கும் லயங்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே பால் வெட்டி, முதுகு வளைந்து, இன்றுவரை ஓட்டுப் போடாத கிழவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களிடமும் சிவப்புக் கார்டுதான் இருக்கிறது. இருபது லட்சம் டாலர் போட்டவன் வாங்கிய அதே கார்டு!

என்ன வேறுபாடு? டாலர்காரன் பைக்குள் இன்னொரு கடப்பிதழ் இருக்கிறது. இங்கே பிடிக்கவில்லை என்றால் விமானம் ஏறிவிடுவான். அவனுக்கு நிரந்தரவாசம் என்பது ஒரு கூடுதல் வசதி. நம் கிழவருக்கோ வேறு நாடு கிடையாது. அவர் எந்த நாட்டின் குடிமகன் என்று கேட்டால் பதில் இல்லை. பெயருக்கு நிரந்தரவாசி, உண்மையில் நாடற்றவர்.

சட்டத்தின் மொழியையும் கொஞ்சம் கவனியுங்கள். 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் நிரந்தரவாசத்துக்கு அடிப்படையான ஆவணத்தின் பெயர் 'நுழைவு அனுமதி'. அந்தச் சட்டத்தின் 10ஆவது பிரிவைப் பாருங்கள். தோட்டத்து லயத்தில் பிறந்து, ஆயாக் கொட்டகையில் வளர்ந்து, பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்த மனிதர் எந்த எல்லையைத் தாண்டி எப்போது நுழைந்தார்? தாயின் வயிற்றிலிருந்தா? நிரந்தரவாசம் என்பது அந்நியனுக்கான தகுதி. அதைப் பிறந்த மண்ணிலேயே ஒருவர் கையில் கொடுப்பது, நீ அந்நியன் என்று அரசாங்கம் எழுத்தில் தரும் சான்று. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

நம்மவர்கள் எப்படி இந்நாட்டுக்கு வந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். "வந்தேறிகள்" என்று நாடாளுமன்றத்தில் கூசாமல் பேசுகிறார்கள் அல்லவா? 1907இல் பிரிட்டிஷ் நிர்வாகம் இந்தியக் குடிநுழைவுக் குழுவை அமைத்து, தோட்ட முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வரி வாங்கி ஒரு நிதியை உண்டாக்கியது. அந்த நிதியில்தான் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளுக்கு இலவசமாகக் கப்பல் சீட்டு கொடுத்தார்கள். கங்காணி ஊருக்குப் போனார், ஆள் பிடித்தார், கூட்டி வந்தார். அன்றைக்கு நம் தாத்தாவிடம் வங்கி வைப்புக் கேட்கவில்லை, வருமானச் சான்று கேட்கவில்லை. அவர் உடம்பே போதுமாக இருந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் உடல் உழைப்பாளர்களை இப்படி உதவி கொடுத்து அனுப்புவதைத் தடுக்கும்வரை இது நடந்தது. ஆக, இந்நாட்டின் முதல் பெரிய 'வெளிநாட்டவர் வரவேற்புத் திட்டம்' நம் பாட்டன்களுக்காகத்தான் போடப்பட்டது. போருக்குப் பிறகு கடனில் மூழ்கியிருந்த பிரிட்டனுக்கு டாலர் ஈட்டிக் கொடுத்ததில் மலாயாவின் ரப்பருக்கும் ஈயத்துக்கும்தான் முன்னணி இடம். முதலீடு என்று பேசுகிறவர்கள் இந்த முதலீட்டையும் கணக்கில் எடுக்கட்டும்.

1957 ஆகஸ்டு 31 வந்தது. அரசமைப்புச் சட்டம் நமக்கு வழியே வைக்கவில்லை என்று நினைக்காதீர்கள். வைத்தது. சுதந்திர நாளுக்கு முன் கூட்டரசில் பிறந்தவர் குடியுரிமைப் பதிவு பெற விதி 16 இருக்கிறது. பதினெட்டு வயதாகியிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்திய ஏழு ஆண்டில் மொத்தம் ஐந்து ஆண்டாவது இங்கே வசித்திருக்க வேண்டும். இங்கேயே நிரந்தரமாக வாழும் எண்ணம், நன்னடத்தை, மலாய்மொழியில் தொடக்க நிலை அறிவு, இவ்வளவுதான். அந்த விதி "பதிவு பெற உரிமை உடையவர்" என்று சொல்கிறது. கருணை என்று சொல்லவில்லை, உரிமை என்று சொல்கிறது! சுதந்திரத்தை அடுத்த முதல் ஓராண்டுக்கு மொழி நிபந்தனையைக்கூடத் தளர்த்தியிருந்தார்கள். அதைவிட முக்கியம், சுதந்திர நாளிலிருந்து 1962 அக்டோபருக்கு முன்புவரை இந்த மண்ணில் பிறந்தவர், அப்பா அம்மா யாராக இருந்தாலும், சட்டத்தின் இயக்கத்தாலேயே குடிமகன். விண்ணப்பமே தேவையில்லை. 1962 அக்டோபரிலிருந்துதான் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அப்போதும், பிறக்கும்போது வேறெந்த நாட்டின் குடிமகனாகவும் ஆகாத பிள்ளை இங்கே குடிமகனே என்ற பாதுகாப்பு இருந்தது. இன்றும் இரண்டாம் அட்டவணையின் இரண்டாம் பாகத்தில் 1(இ) என்று அது நிற்கிறது.

சட்டம் இப்படி இருக்க, கார்டு ஏன் சிவப்பாயிற்று? அந்த ஓராண்டில் தோட்டத்துக்கு யார் வந்து சொன்னார்கள்? தோட்டம் என்பது தனி நாடு. துரை, கிராணி, கங்காணி, கள்ளுக்கடை, கோயில், பள்ளிக்கூடம். அதைத் தாண்டி அரசாங்கம் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பில் இருந்தவர்களும் உண்டு, மறைப்பானேன். ஆனால் திரும்பாமல் இங்கேயே செத்தவர்களின் பிள்ளைகள் செய்த குற்றம் என்ன?

பாரம் போடாமல் விட்டதற்கு 1969இல் கொடுத்த விலையைக் கேளுங்கள். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றது. மே 13 கலவரத்துக்குப் பிறகு அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்தினார்கள். நேற்றுவரை எந்த மரத்தை வெட்டினாரோ அதே மரத்தை வெட்ட இன்று பெர்மிட்! கிட்டத்தட்ட 60,000 தோட்டத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார்கள். ரஜுலா கப்பலில் ஏறிய அவர்களில் பலருக்கு இறங்கும் ஊரில் வீடும் இல்லை, நிலமும் இல்லை, முகம் தெரிந்த சொந்தமும் இல்லை. போகாமல் தங்கியவர்கள் சிவப்புக் கார்டோடு, வாய் பேசாமல், கிடைத்த வேலையைச் செய்துகொண்டு தங்கினார்கள். இன்று நாம் காணும் கிழவர்களில் பலர் அந்தப் பயத்தோடு வளர்ந்தவர்கள். அரசாங்கக் கவுண்டர் என்றாலே அவர்களுக்குக் கால் நடுங்குவது இதனால்தான்.

அடுத்து கல்யாணப் பதிவு. வழக்கறிஞர் என்ற முறையில் நான் அதிகம் மோதியது இந்தச் சுவரோடுதான். 1976 திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சு 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் கோயிலில் நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லும். அதற்குப் பிறகு பதிவு கட்டாயம். இது தோட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள், ஊருக்குச் சோறு போட்டார்கள், முடிந்தது. பதிவு இல்லாததால் பிள்ளை சட்டத்தின் கண்ணில் முறையற்ற பிள்ளை. முறையற்ற பிள்ளைக்கு அப்பனின் குடியுரிமை வராது, அம்மாவின் நிலைதான் வரும் என்று இரண்டாம் அட்டவணையின் மூன்றாம் பாகம், பிரிவு 17 சொல்கிறது. அப்பன் நீலக் கார்டு வைத்திருந்தும், அம்மாவிடம் தாள் ஒன்றும் இல்லாததால் பச்சைக் கார்டோடு நிற்கும் இளைஞர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பச்சை என்றால் தற்காலிகவாசி. ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். பிறந்த மண்ணில் தற்காலிகம்!

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். 1949இல் சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பிரசவம் பார்த்தது தோட்டத்து மருத்துவச்சி. பிறப்புப் பத்திரம் கிடையாது. பதின்மூன்று வயதில் பால் மங்கு துடைக்கப் போனவர், ஐம்பத்தைந்து வயதுவரை மரம் வெட்டினார். சிவப்புக் கார்டு. விதி 16இன்படி அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்த விதியின்கீழ் மனுச் செய்யலாம் என்று முப்பது ஆண்டுகளாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன் என்று காசு வாங்கிய புரோக்கர், வெளியிலிருந்து வந்தவர்களுக்கான விதி 19இன்கீழ் அவருக்கு மனுப் போட்டிருந்தார். அந்த விதி பன்னிரண்டு ஆண்டில் பத்து ஆண்டு வசிப்பையும் "போதுமான" மலாய் அறிவையும் கேட்கிறது. தொடக்க நிலை வேறு, போதுமானது வேறு. நேர்காணலில் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார்களாம். பிறகு ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்களாம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அம்மா அவர். ஆனால் மலாய் பேச வராதவர் இல்லை. சந்தையில் மீன்காரரோடு அவர் பேசுவது சுத்தமான நெகிரி மலாய். கோலாலம்பூர்க்காரனுக்குப் பாதி புரியாது! அந்த மலாய் தேர்வில் தேறவில்லை. மூன்று ஆண்டு கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம் எழுதப்படவில்லை.

காரணம் எழுதாமல் தப்பிப்பதற்கும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். குடியுரிமை பற்றிய கூட்டரசு அரசாங்கத்தின் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டுக்கோ மறு ஆய்வுக்கோ கொண்டுபோக முடியாது என்று இரண்டாம் அட்டவணையின் மூன்றாம் பாகம், பிரிவு 2 கதவைச் சாத்துகிறது. உரிமையை ஒரு விதியில் கொடுத்து, அது மறுக்கப்பட்டால் கேட்கும் வாயை இன்னொரு பிரிவில் தைத்துவிட்டார்கள். உரிமை என்று எழுதியதை அதிகாரியின் தயவாக மாற்றியது இந்தப் பூட்டுதான்.

இப்போது 2024க்கு வருவோம். அந்த ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி நாடாளுமன்றத்தின் மக்களவை குடியுரிமைத் திருத்தத்தை இருநூறுக்கும் மேற்பட்ட வாக்குகளில் நிறைவேற்றியது. மேலவையும் பின்னர் ஒப்புக்கொண்டது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு அத்திருத்தம் நியாயம் செய்தது. அதற்காகப் பாடுபட்ட அம்மாமார்களை நாமும் வாழ்த்துகிறோம். 1(இ) பாதுகாப்பையும் கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கான பாதுகாப்பையும் வெட்ட முதலில் திட்டமிட்டார்கள். பொது அமைப்புகள் கொதித்தெழுந்ததால் 2024 மார்ச்சில் அவற்றைக் கைவிட்டார்கள். ஆனால் ஒரு வெட்டு தப்பவில்லை. பிரிவு 1(ஏ)இல் இருந்த "அல்லது நிரந்தரமாக வசிப்பவர்" என்ற சொற்களைத் திருத்தம் நீக்குகிறது.

இதன் பொருள் என்ன? இதுவரை சிவப்புக் கார்டு வைத்திருந்த தாய் தந்தைக்கு இங்கே பிறந்த பிள்ளை, சட்டத்தின் இயக்கத்தாலேயே குடிமகன். தாத்தா சிவப்பாகவே போனாலும் பேரன் நீலம் என்ற ஆறுதல் இருந்தது. அந்தப் பாலத்தைத்தான் உடைத்திருக்கிறார்கள். திருத்தம் பின்னோக்கிப் போகாது. முன்பே பிறந்த பிள்ளைகளைக் குறித்துப் பயப்படத் தேவையில்லை. இனிமேல் பிறப்பவர்களைப் பற்றித்தான் என் பேச்சு. உள்துறை அமைச்சர் சைபுடின் நசுத்தியோன் தரப்பு வாதம் என்னவென்றால், நிரந்தரவாசிகள் வேறு நாட்டுக் குடிமக்கள், அவர்கள் பிள்ளைகள் பெற்றோரின் நாட்டுக் குடியுரிமையைப் பெறட்டும் என்பது. டாலர்காரனுக்கு அது சரி! அவன் பிள்ளைக்கு ஒரு தூதரகம் இருக்கிறது. தோட்டத்துச் சிவப்புக் கார்டுக்காரரின் பிள்ளை எந்தத் தூதரகத்துக்குப் போகும்? வெளிநாட்டு முதலீட்டாளரை மனத்தில் வைத்து எழுதிய சட்டம், லயத்து வீட்டுத் தொட்டிலில் விழுகிறது. ஒரே நிறக் கார்டில் இரண்டு வகை மனிதரைப் போட்டுக் குழப்பியதன் விளைவு இது. 1(இ) இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் வேறெந்த நாட்டின் குடிமகனும் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் பிள்ளையின் தலையில் விழுகிறது. இல்லாத ஒன்றை எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பது?

இதே திருத்தம் 15ஏ விதியின்கீழ் பிள்ளைகளுக்கு மனுச் செய்யும் வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்கிறது. விண்ணப்பம் அலமாரியில் பல ஆண்டு தூங்கும் நாட்டில் வரம்பை மூன்று ஆண்டு குறைப்பது என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். பிள்ளை வளர்ந்துவிடும், கோப்பு வளராது.

இந்தச் சிவப்புக்கும் நீலத்துக்கும் அன்றாட வாழ்வில் என்ன வேறுபாடு என்று நீலக் கார்டுக்காரர்களுக்கு உறைப்பதில்லை. ஓட்டு கிடையாது. மலேசியக் கடப்பிதழ் கிடையாது. காசிக்கோ பழனிக்கோ போகக் கிழவிக்கு ஆசை இருந்தால் அது ஆசையாகவே கிடக்கும். அரசாங்கத்தின் ரொக்க உதவி குடிமக்களுக்கு மட்டும். 2025 செப்டம்பர் இறுதியில் லிட்டர் 1.99 ரிங்கிட் என்று வந்த மலிவு பெட்ரோலும் மைகார்டு வைத்திருக்கும் குடிமக்களுக்கு மட்டும். கோழிக்குஞ்சு விற்கப் பழைய ஹோண்டா கப்பில் போகும் சிவப்புக் கார்டுப் பெரியவர், பெட்ரோல் நிலையத்தில் அந்நியன் விலை கொடுக்கிறார். சாலை போட்ட காலத்தில் அவர் இங்கே இருந்தார் ஐயா!

அரசியல்வாதிகளை என்ன சொல்வது! 2011 பிப்ரவரியில் மைடாஃப்தார் என்று ஒரு பதிவு இயக்கம் நடத்தினார்கள். 2012இல் எதிர்க்கட்சியினர் நாடற்ற இந்தியர் மூன்று லட்சம் என்றார்கள், ஆளுங்கட்சியினர் அவ்வளவு இல்லை என்றார்கள். ஆளுக்கொரு எண்ணிக்கை, ஆனால் வீடு வீடாக எண்ணியவர் யார்? அரசு சாரா அமைப்பான டிஎச்ஆர்ஆர்ஏதான் 2014 முதல் தோட்டம் தோட்டமாகப் போய் ஆவணமில்லாதவர்களைப் பதிந்தது. 2013 ஏப்ரல் 18ஆம் தேதி இண்ட்ராஃபோடு பாரிசான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் இது இருந்தது. ஓராண்டு முடியும் முன்பே அந்த ஒப்பந்தம் காற்றில் போனதை நாம் அறிவோம். 2018இல் பக்காத்தான் ஆட்சிக்கு வந்ததும், அறுபது வயதைக் கடந்த 3,407 சிவப்புக் கார்டு இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார். அந்த எண்ணை ஒன்றுவிடாமல் சொல்ல முடிந்ததென்றால் பட்டியல் கையில் இருந்தது என்றுதானே பொருள்? பட்டியல் இருந்தால் ஒரே நாளில் கையெழுத்துப் போட என்ன தடை? எழுபதுகளில் இருப்பவர்களை நேர்காணலுக்கும் ஒத்திவைப்புக்கும் அலைய விடுவது, அவர்கள் சாகும்வரை காத்திருப்பதற்குச் சமம். கடுமையான சொல்தான். வாபஸ் வாங்க மாட்டேன்.

சரி, வேறு நாட்டில் இப்படி நடந்ததே இல்லையா, தீர்த்ததே இல்லையா? இலங்கையைப் பாருங்கள். நம்மைப் போலவே கங்காணி கூட்டிப்போன மலையகத் தமிழர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரை ஆட்டு மந்தை போலப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அப்படிப்பட்ட நாடு, இனப்போரில் எரிந்த நாடு, 2003இல் ஒரு சட்டம் போட்டது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும், இங்கேயே வசிக்கும் அவர்கள் வழித்தோன்றல்களும் குடிமக்கள். மொழித் தேர்வு இல்லை, அமைச்சர் தயவு இல்லை. பெரும்பாலோருக்குச் சமாதான நீதவான் முன் ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்து, அவ்வளவுதான். சில நாட்களிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிமக்களானார்கள். மலையகத்தின் மற்றத் துயரங்கள் தீர்ந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. சம்பளப் போராட்டமும் லயத்து வாழ்வும் அங்கே தொடர்கின்றன. ஆனால் நாடற்றவர் என்ற முள்ளை ஒரே சட்டத்தில் பிடுங்கிவிட்டார்கள். இலங்கையால் முடிந்தது மலேசியாவால் ஏன் முடியாது?

"விண்ணப்பித்தால் பரிசீலிப்போம்" என்ற பழைய பல்லவியை விட்டுவிட்டு நாம் கேட்க வேண்டியது அப்படியொரு சட்டத்தைத்தான். சுதந்திர நாளுக்கு முன் இங்கே பிறந்து, வேறு நாட்டுக் கடப்பிதழ் இல்லாத சிவப்புக் கார்டுக்காரர் எவரும் ஓர் உறுதிமொழியால் குடிமகனாகட்டும். தோட்டப் பதிவு, பள்ளிப் பதிவு, இரண்டு அண்டை வீட்டாரின் சத்தியக் கடிதம், இவை சான்றாகட்டும். மொழி நிபந்தனை அறவே ஒழியட்டும். அவர்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் 2024 திருத்தம் பொருந்தாது என்று எழுத்தில் வரட்டும். முதலீட்டாளர்களின் நிரந்தரவாசம் தனி, இது தனி என்று கார்டின் நிறத்திலேயே பிரிக்கட்டும்.

நெகிரி செம்பிலானில் மலேசிய விஷன் வேலி என்று பெரிய வரைபடத்தை விரித்திருக்கிறார்கள். சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களின் பழைய தோட்ட நிலங்கள்தாம் அதில் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புகளாகவும் மாறப்போகின்றன. அங்கே வீடு வாங்க வெளிநாட்டவர் வருவார்கள், வரட்டும். ஆனால் தோட்டம் விற்கப்படும் நாளில் லயத்தோடு சேர்ந்து அழிவது எது தெரியுமா? நம்மவர்களின் சாட்சி. துரையின் ஆபீஸில் செக்ரோல் புத்தகம் இருக்கும், ஆஸ்பத்திரிக் கொட்டகையில் பிரசவக் குறிப்பு இருக்கும், தமிழ்ப்பள்ளியில் சேர்க்கைப் புத்தகம் இருக்கும். கம்பெனி கை மாறும்போது இவை லாரியில் ஏறுவதில்லை, நெருப்பில் போகின்றன.

ஆகவே வாசகர்களே, இந்த மாதமே சில காரியங்களைச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ சிவப்பு, பச்சைக் கார்டு வைத்திருப்பவரின் பிறந்த தேதியைப் பாருங்கள். 1957 ஆகஸ்டு 31க்கும் 1962 செப்டம்பர் முடிவுக்கும் இடையில் இங்கே பிறந்தவர் என்றால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதீர்கள். அவர் ஏற்கெனவே குடிமகன். சந்தேகம் உள்ள குடியுரிமைக்கு அரசாங்கம் சான்று தர இடம் தரும் விதி 30ஐக் காட்டி, கார்டைத் திருத்தச் சொல்லுங்கள். அதற்கு முன் பிறந்தவர் என்றால் விதி 16 என்று பாரத்தில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். புரோக்கரை நம்பி 19இல் கையெழுத்துப் போடாதீர்கள். 1982 மார்ச்சுக்குப் பிறகு கோயில் கல்யாணம் மட்டும் செய்தவர்கள், பேரப்பிள்ளை பிறக்கும் முன் மகளின், மகனின் கல்யாணத்தையாவது பதிவு செய்துவிடுங்கள். தோட்டத்து ஆபீஸுக்குப் போங்கள். செக்ரோலில் அப்பா அம்மா பெயர் வரும் பக்கத்தைப் படி எடுத்து, கிராணியின் கையெழுத்தும் தோட்டத்து முத்திரையும் வாங்குங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் சேர்க்கைப் புத்தகத்தின் பக்கத்தைக் கேளுங்கள். அந்த மருத்துவச்சியின் மகள் உயிரோடு இருந்தால், அவர் வாக்குமூலத்தைச் சத்தியப்பிரமாண ஆணையர் முன் எழுதி வாங்கி வையுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று படி. ஒன்று வீட்டில், ஒன்று வழக்கறிஞரிடம், மூன்றாவது உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மேசைமேல். பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு அவர் முத்திரையை வாங்காமல் அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள்.